ஒன்று கூசுகிறது, எட்டு மங்குகிறது: எல்இடி எண் பலகைக்கு எந்த வைத்தியம்?

கோவையில் ஒரு சின்னப் பிரஸ் பட்டறை. பவர் பிரஸ் ஒரு முறை இறங்கினால் ஒன்று ஏறும்படி நான்கு இலக்கக் கவுண்டர் ஒன்றை என் அக்கா மகன் பாலிடெக்னிக் படிக்கும்போது செய்து கொடுத்திருந்தான். ஒரு வருடம் நன்றாகவே ஓடியது. போன மாதம் பட்டறைக்கார அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, ஆயிரத்து நூறு தாண்டுனா நல்லா எரியுது. எண்ணூத்தி எண்பதுல நின்னா கிட்டப் போய்ப் பாக்க வேண்டியிருக்கு. லைட்டு செத்துட்டு வருது போல."

லைட் சாகவில்லை. முதல் நாளிலிருந்தே அது அப்படித்தான் எரிந்திருக்கும். முன்பு இருட்டு மூலையில் இருந்த மெஷினை ஜன்னல் பக்கம் நகர்த்தியிருக்கிறார்கள், அதனால் இப்போதுதான் கண்ணில் பட்டிருக்கிறது. கூடவே வாட்ஸப்பில் ஒரு படமும் வந்தது. அதில் இரண்டு இலக்கங்களையே காணோம். அதை நம்பி எதுவும் செய்யக் கூடாது. இந்தப் பலகையில் நான்கு இலக்கமும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எரிந்து அணைகின்றன. போன் கேமரா அதில் ஒரு கணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறது.

மல்டிபிளெக்ஸ் என்பது இவ்வளவுதான். நான்கு இலக்கம், இலக்கத்துக்கு ஏழு செக்மென்ட் (எண்ணை வரையும் கோடு), ஆக 28 எல்இடி. ஒவ்வொன்றுக்கும் தனி வயர் இழுக்காமல், செக்மென்டுக்கு 7, இலக்கத்துக்கு 4 என்று 11 வயரில் வேலையை முடித்துவிடலாம். ஒவ்வொரு இலக்கமும் கால் பங்கு நேரம்தான் எரியும். இதில் வெளிச்சம் சீராக வராதது மிகப் பழைய கோளாறு. ஆனால் வைத்தியம் என்று வரும்போது ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அக்கா மகன் போனிலேயே முடிவு செய்துவிட்டான்: "மாமா, பேசாம மேக்ஸ்7219 போட்டுடலாம்."

எண் பலகையை ஓட்டவென்றே வரும் ஐசி அது. போடலாம். அதற்கு முன் ஒரு அரை மணி நேரம் வேண்டும் என்றேன். ஏனென்றால் வெளிச்சம் எதைப் பின்தொடர்ந்து மாறுகிறது என்று தெரியாமல் ஐசி மாற்றினால், பாதி நேரம் பழைய கோளாறு புதிய ஐசியோடு குடித்தனம் பண்ண வந்துவிடும்.

முதலில் நோய் எது?

பலகையில் 1888 காட்டச் சொன்னேன். பிறகு 8188, 8818, 8881. ஒன்று எங்கே போனாலும் அதுதான் பளிச்சென்று இருந்தது. அதாவது வெளிச்சம் எண்ணைப் பின்தொடர்கிறது, இடத்தை அல்ல.

இடத்தைப் பின்தொடர்ந்தால் கதை வேறு. எந்த எண் வந்தாலும் கடைசி இலக்கம் மட்டும் தூக்கலாக எரிகிறது என்றால், புரோகிராம் கடைசி இலக்கத்தை எரியவிட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறது என்று பொருள். வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் டிஎச்டி11 மாதிரி சென்சாரைப் படிக்கும் நிரல்களில் இது அடிக்கடி நடக்கும். அந்த சென்சாரை எழுப்பவே 18 மில்லி நொடி லைனைக் கீழே பிடிக்க வேண்டும், பதில் வர இன்னும் சுமார் 4 மில்லி நொடி ஆகும். இலக்கத்துக்கு 1 மில்லி நொடி கொடுக்கும் பலகையில் இது பெரிய இடைவெளி. அந்த நேரம் முழுக்க ஒரே இலக்கம் எரிந்துகொண்டிருக்கும். ஒரு இலக்கம் மட்டும் எப்போதும் மங்கல் என்றால் அந்த இலக்கத்துக்கு ஸ்விட்சாக இருக்கும் டிரான்சிஸ்டரையும் சால்டரையும் பாருங்கள். நான்கு இலக்கத்திலும் ஒரே செக்மென்ட் மங்கல் என்றால் அந்த செக்மென்டின் லைன். ஒரே இலக்கத்தில் ஒரே செக்மென்ட் என்றால் எல்இடியேதான். ஒரே டிஸ்பிளேயின் செக்மென்டுகளுக்குள் வெளிச்சம் 2:1 வரை வேறுபடலாம் என்று பல டேட்டாஷீட்டுகளிலேயே போட்டிருக்கும். எரியக் கூடாத செக்மென்ட் லேசாக மினுக்கினால், முந்தைய இலக்கத்தின் டிரான்சிஸ்டர் அணைவதற்குள் அடுத்த எண்ணை எழுதிவிடுகிறீர்கள்.

நிரலா, மின்சாரமா என்று குழப்பம் இருந்தால் ஒரு சுலபமான வழி உண்டு. இலக்கங்களை மாறி மாறி எரிக்கும் ஸ்கேனை வேண்டுமென்றே மெதுவாக்குங்கள், இலக்கத்துக்கு அரை நொடி. நேரக் கணக்கில் வந்த பிசகு என்றால் அரை நொடிக்கு முன் அது தூசு, வேறுபாடு மறைந்துவிடும். மறையவில்லை என்றால் சர்க்யூட்டில் தேடுங்கள். எங்கள் பலகையில் மறையவில்லை. மெதுவாக எரிந்தபோதும் 1 கூசியது, 8 மங்கியது.

அடுத்து மல்டிமீட்டர். பையன் கரண்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரை இலக்கத்துக்கு ஒன்றாக, நான்கே நான்கு போட்டிருந்தான். செக்மென்டுக்கு ஒன்றாகப் போட்டால் ஏழு வேண்டும். மூன்று ரெசிஸ்டர் மிச்சம்! ஒரு ரெசிஸ்டரின் இரு முனையிலும் டிசி வோல்ட் வைத்துப் பார்த்தால், 1 காட்டினாலும் 8 காட்டினாலும் முக்கால் வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது. அதாவது இலக்கத்துக்குப் போகும் மொத்தக் கரண்ட் மாறவே இல்லை. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடி ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. மீதி 3 வோல்ட் 330 ஓம் மேல் விழுந்தால் 9 மில்லி ஆம்பியர். 1 எரியும்போது அதை இரண்டு செக்மென்ட் பங்கு போட்டுக்கொள்கின்றன, ஆளுக்கு நாலரை. 8 எரியும்போது பந்தியில் ஏழு பேர், ஆளுக்கு 1.3. அதுவும் கால் பங்கு நேரத்துக்குத்தான் என்பதால் சராசரி 0.3 மில்லி ஆம்பியரை ஒட்டித்தான் வரும். ஜன்னல் வெளிச்சத்தில் அது எங்கே தெரியப்போகிறது?

நோய் தெரிந்துவிட்டது. இனி வைத்தியங்கள்.

புது ஐசி

மேக்ஸ்7219 நல்ல ஐசிதான், மறுக்கவில்லை. எட்டு இலக்கம் வரை தானே ஸ்கேன் செய்துகொள்ளும். செக்மென்டுக்குத் தனித்தனி ரெசிஸ்டர் வேண்டாம், ஒரே ஒரு ரெசிஸ்டரில் எல்லா செக்மென்டின் கரண்டையும் நிர்ணயித்துவிடலாம். வெளிச்சத்தை 16 படியில் நிரலிலிருந்தே கூட்டிக் குறைக்கலாம். உள்ளே கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர் இருப்பதால் 1, 8 சண்டையே வராது.

எங்கள் பலகைக்குச் சிக்கல் வேறு. மேக்ஸ்7219 காமன் கேத்தோடு டிஸ்பிளேக்கானது, அதாவது ஒரு இலக்கத்தின் எல்இடிகளின் மைனஸ் முனைகள் ஒன்றாகச் சேர்ந்த வகைக்கு. பையன் வாங்கியிருப்பது காமன் ஆனோட், பிளஸ் முனைகள் சேர்ந்த வகை. ஆக, ஐசி மட்டும் மாற்றினால் போதாது, டிஸ்பிளேயையும் போர்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். கிட்டத்தட்டப் புதுக் கவுண்டர். இன்னொன்று, பிரஸ் மோட்டாரும் கான்டாக்டரும் இழுத்து விடும் இடத்தில் இந்த ஐசி சில நேரம் குழம்பிப்போய் எல்லா செக்மென்டையும் முழு வெளிச்சத்தில் எரியவிட்டு நின்றுவிடும். பக்கத்திலேயே 10 மைக்ரோ ஃபேரட், 0.1 மைக்ரோ ஃபேரட் கெப்பாசிட்டர் இரண்டையும் ஒட்டவைத்து, நொடிக்கு ஒருமுறை ஐசிக்குள் இருக்கும் அமைப்புகள் (ரெஜிஸ்டர்கள்) எல்லாவற்றையும் திரும்ப எழுதினால் தப்பிக்கலாம். 3.3 வோல்ட் போர்டில் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: இந்த ஐசி 3.5 வோல்ட்டுக்குக் கீழே வருவதை ஒன்று என்று ஏற்றுக்கொள்ள உத்தரவாதம் தருவதில்லை.

காமன் ஆனோட்டுக்கு டிஎம்1637 உண்டு. ஆறு இலக்கம், எட்டு வெளிச்சப் படி, இரண்டே வயர். டிஸ்பிளேயோடு சேர்ந்த மாடியூலாகவே சல்லிசாகக் கிடைக்கிறது. புதிதாக ஒன்று செய்யப்போகிறீர்கள், சின்ன எண் போதும் என்றால் யோசிக்காமல் இதை வாங்குங்கள். நாங்கள் புதிதாகச் செய்யவில்லை.

பெரிய எண் பலகை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டே கால் அங்குல டிஸ்பிளேக்களில் பெரும்பாலும் ஒரு செக்மென்டுக்குள் நான்கு எல்இடி தொடராக இருக்கும். அதற்கு ஏழு, எட்டு வோல்ட் வேண்டும். 5 வோல்ட்டில் ஓடும் இந்த இரண்டு ஐசியும் அங்கே உதவாது. 12 வோல்ட் சப்ளைதான் வழி. அதிலும் ஒரு நன்மை உண்டு. எல்இடி போக ரெசிஸ்டருக்கு மிஞ்சும் வோல்ட்டேஜ் எவ்வளவு அதிகமோ, வெளிச்சம் அவ்வளவு சீராக வரும். மிச்சமே ஒரு வோல்ட்தான் என்றால் டிரான்சிஸ்டரிலும் வயரிலும் விழும் 0.3 வோல்ட்டே பாதி மானத்தை வாங்கிவிடும். மிச்சம் நான்கு வோல்ட் என்றால் அதே 0.3 கண்ணுக்குத் தெரியாது.

மல்டிபிளெக்ஸே வேண்டாம் என்றால்

இலக்கத்துக்கு ஒரு 74எச்சி595 (எழுதியதை அப்படியே பிடித்து வைத்திருக்கும் ஐசி), செக்மென்டுக்கு ஒரு ரெசிஸ்டர். எல்லாம் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். சீரான வெளிச்சத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஸ்கேன் இல்லை, மினுக்கல் இல்லை, டிரான்சிஸ்டர் இல்லை. அந்த ஐசியின் வழியே மொத்தம் 70 மில்லி ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது, அதனால் செக்மென்டுக்கு 8 என்று வைத்தால் ஏழுக்கு 56, பத்திரம்.

விலை கூடவா? ஐசி விலை பெரிதில்லை. 28 ரெசிஸ்டருக்குச் சால்டர் வைத்து, நான்கு ஐசிக்கும் வயர் இழுக்கும் பொறுமைதான் விலை. பட்டறைக்கு இதில் எனக்கு இன்னொரு தயக்கமும் இருந்தது. புரோகிராம் நின்றுபோனால் இந்த வகைப் பலகை கடைசி எண்ணை அப்படியே காட்டிக்கொண்டு நிற்கும். எண்ணிக்கை நின்றது தெரியாமல் ஆபரேட்டர் அடித்துக்கொண்டே போவார். மல்டிபிளெக்ஸ் பலகையில் புரோகிராம் நின்றால் ஒரே ஒரு இலக்கம் நெருப்பாக எரியும், மீதி அணைந்துவிடும். தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். குறைபாடுதான், ஆனால் இந்த இடத்தில் அது காவல்காரன் வேலை பார்க்கிறது.

ரெசிஸ்டரை இடம் மாற்றுவது

எல்லாரும் சொல்லும் வைத்தியம் இதுதான், சரியான வைத்தியமும்கூட. இலக்கத்தில் இருக்கும் நான்கை எடுத்துவிட்டு, செக்மென்ட் லைனில் ஏழு போடு. ஒவ்வொரு எல்இடிக்கும் தன் பங்கு தனக்கு. பக்கத்தில் எத்தனை பேர் எரிந்தாலும் கவலை இல்லை. 220 ஓம் போட்டால் செக்மென்டுக்குச் சுமார் 11 மில்லி ஆம்பியர், கால் பங்கு நேரத்துக்குச் சராசரி 2.8. நல்ல வெளிச்சம்.

ஆனால் இங்கேதான் பலரும் பாதியில் நின்றுவிட்டு, "ரெசிஸ்டரை மாத்தியும் 8 மங்கலாத்தான் இருக்கு" என்று தலையைச் சொறிவார்கள். ரெசிஸ்டரை மாற்றிய உடனே சுமை இலக்க டிரான்சிஸ்டர் தலையில் ஏறிவிடுகிறது. முன்பு எந்த எண்ணுக்கும் 9 மில்லி ஆம்பியர்தான் அதன் வழியே போனது. இப்போது 8 எரிந்தால் 77 போக வேண்டும். பையன் போட்டிருந்தது பிசி557, அதன் உச்சவரம்பே 100. அதைத் திறக்கும் காலான பேஸில் 4.7 கிலோ ஓம். அதன் வழியே 0.9 மில்லி ஆம்பியர்தான் பேஸுக்குக் கிடைக்கிறது. டிரான்சிஸ்டரை ஸ்விட்சாக முழுக்கத் திறக்க, அதன் வழியே போகும் கலெக்டர் கரண்டில் பத்தில் ஒரு பங்கைப் பேஸுக்குக் கொடுப்பது வழக்கம். 77க்கு 7.7 கொடுக்க வேண்டிய இடத்தில் 0.9 கொடுத்தால் கதவு பாதிதான் திறக்கும். 1 காட்டும்போது பாதிக் கதவே போதும், 8 காட்டும்போது போதாது. மறுபடி 1 கூசும், 8 மங்கும். முன்பைவிடக் குறைவாகத்தான், ஆனாலும் தெரியும்.

எனவே ரெசிஸ்டரோடு சேர்த்து டிரான்சிஸ்டரையும் பிசி327 ஆக்கிவிடுங்கள், பேஸ் ரெசிஸ்டரை 560 ஓம் ஆக்கிவிடுங்கள். பிசி557, பிசி327 இரண்டுக்கும் கால் வரிசை ஒன்றுதான், அதே ஓட்டையில் உட்காரும். மொத்தச் சாமானும் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்குள் அடங்கிவிடும். அச்சடித்த போர்டாக இருந்தால் டிராக் வெட்டி ஜம்பர் போட ஒரு மாலை நேரம் போகும். எங்கள் போர்டை எண்ணெய்த் துளி படக் கூடாது என்று பையன் எபாக்சியில் முக்கி எடுத்திருந்தான். அங்கேதான் எனக்கு யோசனை வந்தது.

சால்டர் இல்லாமல்

நிரலால் மட்டும் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, எத்தனை செக்மென்ட் எரிகிறதோ அந்த விகிதத்தில் நேரம் கொடுப்பது. 8க்கு ஏழு பங்கு நேரம், 1க்கு இரண்டு பங்கு, 7க்கு மூன்று, 4க்கு நான்கு. வெளிச்சம் சமமாகிவிடும், ஆனால் 8 எவ்வளவு மங்கலோ அவ்வளவு மங்கலாக எல்லாம் இறங்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரனின் விளக்கை அணைத்துச் சமத்துவம் கொண்டுவருகிற மாதிரி. அண்ணனிடம் இதைக் கொண்டுபோனால் "இப்ப எதுவுமே தெரியல" என்பார்.

இன்னொரு வழி, ஸ்கேனையே திருப்பிப் போடுவது. இதுவரை ஒரு இலக்கத்தை எடுத்து அதன் ஏழு செக்மென்டையும் ஒன்றாக எரிக்கிறோம். அதற்குப் பதிலாக ஒரு செக்மென்டை எடுத்து, அது எந்தெந்த இலக்கத்தில் எரிய வேண்டுமோ அந்த இலக்கங்களையெல்லாம் ஒன்றாகத் திறந்துவிடுவது. முதலில் மேல் கோடு, நான்கு இலக்கத்துக்கும். அடுத்து வலது மேல் கோடு. இப்படி ஏழு முறை. அவ்வளவுதான், வயரிங் மாறவில்லை.

இதில் நடப்பது எனக்கே முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. தப்பான இடத்தில் இருந்த ரெசிஸ்டர் இப்போது சரியான இடத்தில் இருக்கிறது! ஒரு நேரத்தில் ஒரு இலக்கத்தில் ஒரே ஒரு எல்இடிதான் எரிகிறது, அந்த இலக்கத்தின் 330 ஓம் முழுக்க அதற்கு மட்டும். டிரான்சிஸ்டர் வழியே 9 மில்லி ஆம்பியருக்கு மேல் போவதில்லை, பேஸில் இருக்கும் 0.9 அதற்குக் கச்சிதம். பையன் போட்ட ஒவ்வொரு சாமானும் இந்த முறைக்கென்றே போட்டது போல இருக்கிறது. அவனுக்கு மட்டும் அது தெரியாது.

நஷ்டம் என்ன? கால் பங்கு நேரம் ஏழில் ஒரு பங்காகிறது. அப்புறம், சுமை இலக்க டிரான்சிஸ்டரிலிருந்து செக்மென்ட் காலுக்கு மாறுகிறது. நான்கு இலக்கத்திலும் அந்தக் கோடு எரிந்தால், கணக்குப்படி பலகையை ஓட்டும் ஆர்டுயினோ நானோவின் ஒரு கால் வழியே 36 மில்லி ஆம்பியர் இறங்க வேண்டும். அதில் இருக்கும் ஏட்மெகா328பி சிப்பின் ஒரு காலுக்கு உச்சவரம்பு 40, அதுவும் எட்டக் கூடாத எல்லைதான். காலுக்குள்ளேயே கொஞ்சம் வோல்ட்டேஜ் விழுந்துவிடுவதால் நிஜத்தில் 30க்குள் நின்றுவிடுகிறது. எனக்கு இது முழுத் திருப்தி இல்லை. ஏழு செக்மென்டுக்கும் நடுவில் யுஎல்என்2003 என்ற டிரைவர் ஐசி ஒன்றைப் போட்டால் கவலை தீரும். அதில் ஏழு சேனல், நமக்கும் ஏழு கோடு. அது எடுத்துக்கொள்ளும் ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவான வோல்ட்டேஜும் சுமையைப் பொறுத்து அதிகம் ஆடாது, அதனால் வெளிச்சமும் ஆடாது.

கூட்டிப் பார்த்தால், நான்கு இலக்கமும் எரியும் மோசமான நிலையிலும் எல்இடிக்கு ஆறரை மில்லி ஆம்பியரை ஒட்டி, ஏழில் ஒரு பங்கு நேரம். சராசரி 0.9. 8க்கு முன்பு கிடைத்ததைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. பழைய 1க்குக் கிடைத்த சராசரி 1.1. அதாவது இனி எல்லா எண்ணும் பழைய 1க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். "ஆயிரத்து நூறு தாண்டுனா நல்லா எரியுது" என்று அண்ணன் சொன்னது அந்த வெளிச்சத்தைத்தான். ஜன்னல் வெயில் நேரே விழும் இடமாக இருந்திருந்தால் இது போதாது, எபாக்சியைச் சுரண்டி 220 ஓம் வழிக்குத்தான் போயிருப்பேன்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிரலை மாற்றினோம். கோட்டுக்கு அரை மில்லி நொடி, ஏழுக்கு மூன்றரை, நொடிக்கு 285 சுற்று, மினுக்கல் தெரியாது. முதல் ஓட்டத்தில் 1க்கு அடியில் மெல்லிய கோடு ஒன்று நிழலாகத் தெரிந்தது. செக்மென்டை அணைக்காமல் இலக்கங்களை மாற்றியிருந்தான். எல்லாக் கோட்டையும் அணை, இலக்கங்களை மாற்று, டிரான்சிஸ்டர்கள் அணைய 20 மைக்ரோ நொடி பொறு, பிறகு அடுத்த கோட்டை எரி என்று வரிசையைத் திருத்தியதும் நிழல் போய்விட்டது.

அண்ணன் கை கழுவிவிட்டு வந்து பார்த்தார். 888க்குக் கொண்டுவரச் சொன்னார். "லைட்டு மாத்திட்டீங்களா?" என்றார். மாற்றவில்லை என்று சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நூறாம் இடத்து இலக்கம் மட்டும் இன்னும் ஒரு நூல் மங்கல்தான். எடுத்துப் பார்த்தால் அதன் பக்கவாட்டில் அச்சடித்த பிரிவு எழுத்து (எந்த வெளிச்சப் பிரிவைச் சேர்ந்தது என்று காட்டுவது) மற்ற மூன்றிலிருந்து வேறு. அடுத்த பலகைக்கு நான்கையும் ஒரே எழுத்தில் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன், ஏழு 220 ஓமும் நான்கு பிசி327ம் சேர்த்து.